மூன்றாம் பெஞ்சு

ஜன்னலில் கடல் தெரிகிற வகுப்பறை வேண்டுமென்று
மெட்ராஸிலிருந்து இரண்டு வேனில் வந்தார்கள்.
மண்டபத்தில் எங்கள் பள்ளிக்கு
இரண்டு பக்கமும் கடல்.
வடக்கு ஜன்னலைத் தேர்ந்தார்கள்:
பெண்கடல், அலையில்லை, பாட்டைக் கெடுக்காது.

மாணவர்கள் கூலியில்லாமல் கிடைத்தோம்.
பதினோராம் வகுப்பு, நாற்பத்தொரு பேர்.
எங்களோடு உட்கார்ந்த கதாநாயகனுக்கு
முப்பத்தெட்டு வயது.
காலையில் ஒரு சவரம், மத்தியானம் ஒன்று.
அரை டிரவுசருக்குக் கீழே அவர் முழங்கால்
எங்கள் அப்பாவின் முழங்கால் போலிருந்தது.

கதை இவ்வளவுதான்:
கணக்கு வாத்தியாரின் பொய்முடி தொலைகிறது,
எட்டுப் பாட்டுக்குப் பிறகு கிடைக்கிறது,
எல்லோரும் பாஸ்.

மூன்றாம் நாள் கச்சான் காற்று
அதை நிஜமாகவே தூக்கிக் கடலில் போட்டது.
இன்னாசி நீந்திப் போய்க் கொண்டுவந்தான்.
சூடை மீன் நாறுகிறதென்று
தலையில் வைக்க மறுத்துவிட்டார் வாத்தியார்.
கடைசிப் பாட்டில் அவர் துண்டு கட்டியிருப்பது
அதனால்தான். வேறு அர்த்தமில்லை.

கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதியிருந்தார்கள்:
ஒரே தடத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்,
எப்போது சந்திக்கும்?
கதாநாயகன் விழிக்க வேண்டும்,
நாங்கள் தலைகுனிய வேண்டும்.
நான் கையைத் தூக்கினேன்.
தெரியும், அதனால் தூக்கினேன்.
பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு
அது கணக்கே இல்லை.
யாரும் 'கட்' சொல்லவில்லை.
அவர் விடைக்குப் பதில் பாடத் தொடங்கினார்.
பல்லவி, அனுபல்லவி, முழுச் சரணம்,
என் கை அப்படியே நின்றது.

ராமநாதபுரத்தில் நாலு நாள் ஓடியது,
பரமக்குடியில் இரண்டு.
படப்பிடிப்பில் போன பாடம் பத்தொன்பது நாள்.
மார்ச்சில் எங்களில் பதினாறு பேர்
கணக்கில் போனோம்.
என் மார்க் முப்பத்திரண்டு.
பாட்டோடு பாஸானவர்களில்
நானும் இருக்கிறேன், பின்வரிசையில், குதித்துக்கொண்டு.

நேற்று ஐஸ் கம்பெனியில்
பேரேடு போட்டுக்கொண்டிருந்தேன்.
மத்தியானம், டிவியில் அந்தப் படம்.
மழை மழையாய்க் கோடு, பாதி வசனம் காணோம்.
மூன்றாம் பெஞ்சில் ஒரு கை மேலே போனது.
"அந்தப் பிள்ளை எதுக்கு கையத் தூக்குது?"
என்றான் லோடு ஏற்ற வந்த சீனி.
பாட்டு முடியும்வரை
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவன் திரும்பி,
"நாற்பது பெட்டி நண்டும்மா,
எத்தனை பார் ஐஸ் போகும்?"

பதினேழு என்றேன்,
பேனாவைக்கூட எடுக்காமல்.