வந்த காரணம்

சேலத்தில் கடல் கிடையாது.
அதற்காகத்தான் பிரிசில்லா
வர்க்கலாவுக்கு இரண்டு டிக்கெட் போட்டாள்.
பாறைக்கு மேலே ஒரு வீடாம்,
இரண்டு பெண்கள் நடத்துகிறார்களாம்,
யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்க மாட்டார்களாம்,
காலையில் எத்தனை மணிக்குச் சாயா என்றுதான் கேட்பார்களாம்.
அந்த 'ஆம்' ஒவ்வொன்றையும்
நான்கு மாதம் நாக்கில் போட்டுச் சப்பினோம்.

வெயிட்டிங் லிஸ்ட் பதினேழு, பதினெட்டு.
பிறகு ஒன்பது, பத்து.
பிறகு மூன்று, நான்கு.
அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.
சார்ட் போட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

லீவு மட்டும் கன்ஃபார்ம்.
பையில் இரண்டு ஓலைத் தொப்பி,
ஐந்து ரோடு மருந்துக்கடையில் வாங்கிய
முந்நூற்றெண்பது ரூபாய் சன்ஸ்கிரீன்.
எங்கேயாவது போயே ஆகணும் என்றாள்.
ஏற்காட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது.

இருபது கொண்டை ஊசி.
ஒவ்வொரு வளைவிலும் நம்பர்ப் பலகை.
ஒவ்வொரு வளைவிலும் அவள் என்மேல் சாய்ந்தாள்;
பஸ் சாய்த்தது என்றுதான் யாரும் சொல்வார்கள்.
பதினான்கு தாண்டிச் சாலை நேரானது.
பஸ் செய்த பிழையை அவள் திருத்தவில்லை.

லாட்ஜில் நீளமான நோட்டு.
"ஜென்ட்ஸ் யாரும் பின்னாடி வர்றாங்களா?"
வரவில்லை.
"ரெண்டு பேர் மட்டுமா?"
மட்டும்.

எங்கள் ஏழு வருடம்
இப்படி நோட்டு நோட்டாகச் சிதறிக் கிடக்கிறது.
ஊட்டியில் ஒன்றுவிட்ட சகோதரிகள்.
மதுரையில் ஒரே ஆபீஸ்.
கொடைக்கானலில் பயத்தில்
அக்கா தங்கை என்று எழுதிவிட்டேன்.
கோகிலவாணி, பிரிசில்லா.
எந்த அப்பன் ஒரே வீட்டில் இப்படிப் பேர் வைப்பான்?
அங்கிருந்த பையன் ஆதாரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
சுடுதண்ணி ஆறிலிருந்து எட்டு என்றான்.
நல்லா இருக்கட்டும் அவன்.

பிரிசில்லா பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க,
இப்ப விடுங்க:
நாளெல்லாம் இதுதான் பேச்சு.
நான் பிடித்த மூச்சோடு நிற்கையில்
பேனாவை வாங்கினாள்.
உறவுமுறைக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
'வந்த காரணம்' கட்டத்தில்
கடல் பார்க்க
என்று எழுதினாள்.

மேனேஜர் இரண்டு தரம் படித்தார்.
"இங்க ஏரிதான் இருக்கு, மேடம்."
"சரி, அதையே பாத்துக்கறோம்."

சொன்ன சொல்லுக்காக ஏரிக்குப் போனோம்,
ஓலைத் தொப்பியோடு, தூறலில்.
பஜ்ஜிக் கடை அம்மா கேட்டாள்,
வெயிலே இல்லையே, எதுக்குத் தொப்பி?
வரும் என்றாள் பிரிசில்லா.
வரவில்லை.
பெடல் படகை ஆளுக்கொரு பக்கம் மிதித்தோம்.
அது நேரே போகாமல் வட்டமடித்தது.
கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு
இரண்டு தொப்பி தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

அறையில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு முழம்.
இரும்புக் கால், மொசைக் தரை,
இழுத்தால் ரிசப்ஷன் வரைக்கும் கத்தும்.
ரோட்டில் ஜீப் போனபோது ஒரு சாண்.
மிளகு லாரிக்கு எட்டு விரல்.
மிச்சம் நாலு விரலுக்கு
பத்தேகால் வரை ஒரு வண்டியும் வரவில்லை.

ஸ்வெட்டர் கொண்டுவராத குளிர்.
வீணாப் போகக்கூடாது என்று
சன்ஸ்கிரீனைத் திறந்தாள்.
டியூப்லைட்டிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறவள் மாதிரி
முதுகு முழுக்கப் பூசினாள்,
எலும்பு எலும்பாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டபடி.
தேங்காயும் மருந்தும் கலந்த வாசனை.
கடல் இப்படியா மணக்கும் என்றேன்.
மெரினா வேற மாதிரி மணந்துச்சு என்றாள்.

அப்போது யாரோ புண்ணியவான்
சைலென்சர் உடைந்த புல்லட்டில் மேடு ஏறினான்.
இழு என்றாள். இழுத்தேன்.
கட்டிலும் கட்டிலும் இடித்துக்கொண்டன.
வண்டிச் சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்கிற வரை
அப்படியே நின்றோம்.

இப்ப விடுங்க
என்றாள்,
எக்ஸ்ரே அறைக் குரலில்.