செய்தி வந்த நேரம்

தொடையிடுக்கில் விறைப்பூசி.
பிறகு வலியில்லை, ஏதோ ஊர்வது மட்டும்.
"கதீட்டர்தான்" என்றாள் ரிஸ்மியா மிஸ்,
"கொழுந்துக் காம்பளவு."
நான் கொழுந்து கிள்ளுகிறவள் இல்லை.
பிள்ளை மடுவத்தில் இருபத்தொரு பிள்ளைகளுக்குப்
பால் கரைக்கிறவள்.

நாலு வருடமாய் இது வரும்.
பிள்ளையைத் தூக்கக் குனிந்தால் வரும்.
தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி
நிமிடத்துக்கு இருநூறு.
டிக்கோயாவில் ஈசிஜி எடுக்கப் போனால் வராது;
துரையின் ஜீப் சத்தம் கேட்ட மடுவம் போலக்
கைகட்டி உட்கார்ந்திருக்கும்.
"பயம்" என்று துண்டில் எழுதினார்கள்.
"காத்துக் கருப்பு" என்றார் மாமியார்.

இன்று கண்டியில்
அதைக் கூப்பிட்டார்கள்.
மின்சாரத்தால் சுண்டிச் சுண்டி.
வந்தது.
"ஆவா, ஆவா" என்று டொக்டர் அம்பன்வெல சிரித்தார்,
தொலைந்த மாட்டைக் கண்டவர் மாதிரி.

வயர் இப்போதைக்கு ஒன்றும் செய்யாதாம்.
நுனியில் மோதிரம் மோதிரமாய் உலோகம்.
நெஞ்சின் உட்சுவரில் ஓரிடத்தைத் தொடும், கேட்கும்:
உனக்குச் செய்தி எப்போது வந்தது?
தள்ளிப் போய், உனக்கு?
உனக்கு?
முந்தி அறிந்த இடம் சிவப்பு.
பிந்தி அறிந்தது ஊதா.

அப்படிக் கேட்டால்
எங்கள் மேல் டிவிஷன் முழுக்க ஊதா.
லயத்துக்கு இலக்கமில்லை, அதனால்
ஆஸ்பத்திரிக் கடிதம் தோட்டத்து ஒபிசில்
பதினொரு நாள் கிடந்தது,
என் பெயருக்கு மேல் யாரோ வைத்த
தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
போன ஐப்பசியில் மண்சரிவு எச்சரிக்கை வந்தது,
மண் வந்த பிறகு.

பிறவியிலேயே உள்ளே ஒரு குறுக்குவழியாம்.
செய்தி பெரிய ரோட்டால் இறங்கிக்
குறுக்கால் ஏறி
மறுபடி ரோட்டால் இறங்கிச்
சுற்றுகிறதாம்.
குறுக்குவழி எனக்குத் தெரியும்.
ஏழாம் நம்பர் மலைக்கு நடுவே ஒன்று.
துரை முள்ளுக்கம்பி போட்டார்,
நாங்கள் கவைக்கம்பால் தூக்கிவிட்டுப் போகிறோம்.
சொல்ல வாயெடுத்தேன்.
"அசையாதீங்க."

"சுடட்டுமா?"
என்னைக் கேட்கவில்லை.
நான்தான் "ம்" என்றேன்.

ஆறு செக்கன்.
ஓட்டம் பாதியில் நின்றது.
பிறகு ஒன்று.
பிறகு இன்னொன்று,
கோப்பையோடு வரிசையில் வரும் பிள்ளைகள் போல.
அழுகை வந்தது. துடைக்கக் கை கட்டியிருந்தது.

வரைந்த படத்தைக் கேட்டேன்.
ஒரு சீடியில் போட்டுத் தந்தார்கள்.
போட்டுப் பார்க்க எங்கள் பக்கம் மெஷின் இல்லை.
மடுவத்து ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
வெயில் வருகிற அரைமணி நேரம்
சிவப்பும் ஊதாவும் சுவரில் ஓடும்.
மூன்று வயது கிருத்திகன் அதைப் பிடிக்கப் போய்
விழுந்து கிடக்கிறான்.

குனிகிறேன்.
கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்
தூக்குகிறேன்.