வலைக்கடியன்

பாரைக்கு விட்ட வலையில் பாதிக்கு மேல் கெளிறு.
கெளிறு குத்தினால் ஊர் முழுக்கக் கேட்கும்.
திருக்கை அடித்தவன்
மாதாவையும் பெற்ற தாயையும் ஒரே மூச்சில் கூப்பிடுவான்.
இது ஒன்றும் கேட்கவில்லை.

அளம்பிலுக்கு நேரே, கரை வெளிச்சம் தெரிகிற தூரம்.
லம்பேட் கண்ணிக்குள்ளிருந்து கையை எடுத்துப் பார்த்தான்.
சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளி,
பேனை முனையால் வைத்ததுபோல.
சாம்பல் உடம்பு, துடுப்பு வால்,
சொண்டு கீழே வளைந்த தலை.
ரோச் பிடித்தது நான்தான்.
“நோகுதோ?”
“நுளம்பு கடிச்ச அளவும் இல்லை.”
வாலில் பிடித்து எறிந்தான். இருட்டுக்குள் விழுந்த சத்தம்.
மிச்ச வலையை இழுத்தோம்.

அவன் தோளுக்குள் ஒரு துண்டு இரும்பு,
மாத்தளனில் வாங்கியது.
மழைக்கு முதல்நாளே சொல்லிவிடும்.
எனக்கு முழங்காலில்.
எங்களுக்கு நோ என்பது பொய் சொல்லாத சாட்சி.
நோகாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று
ஒருவரும் படிப்பிக்காமலே படித்திருந்தோம்.

கரையில் மீன் நிறுத்துக் கொடுத்து
விலைக்குச் சம்மாட்டியோடு சண்டை.
அவன் இரண்டு பிளேன்ரீ குடித்தான்.
ஏழரைக்குப் புட்டு வாய்க்குள் போகவில்லை,
தாடை திறக்கவில்லை. சிரித்தோம்:
“மனிசிக்கு வாய்காட்டாமல் இருக்க
மாதா தந்த வரமடா.”
எட்டரைக்குக் கழுத்து.
பிறகு தொடை, நாள் முழுக்க மூடை சுமந்ததுபோல்.
வேலியோரம் போய் வந்தவன்
“மச்சான், குடிச்ச பிளேன்ரீ அப்பிடியே வருது” என்றான்.
அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓட்டோவில் மாஞ்சோலை.
ஒரு பிள்ளை, புது டொக்டர், படிவத்தோடு நின்றாள்.
“பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள,
கடிச்ச இடத்தில எவ்வளவு நோ?”
திறக்காத பல்லுக்குள்ளால் சொன்னான்:
“பூச்சியம்.”
பேனையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வவுனியா. இரத்தம் கழுவுகிற மெஷின். பதினொரு நாள்.

வந்துவிட்டான்.
படகு தள்ளத் தொடை இன்னும் விடாது;
மணலில் குந்தியிருந்து எங்களுக்குக் கட்டளை போடுகிறான்.
அவன் தம்பியோடு நான் வலை தட்டுகிறேன்.
கிளவுஸ் போட்டால் கண்ணி பிடிபடாது.
கெளிறு குத்தும். தூஷணத்தால் பேசுவேன்,
பேசி முடிய ஒரு நிம்மதி.
மற்ற விரல்களைத்தான்,
ஒன்றும் சொல்லாமல் இருக்கிற விரல்களை,
ரோச் வெளிச்சத்தில்
ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.