உப்பிட்டவர்கள்

ஏப்ரல் வந்தும் பனி முழுதாகப் போகவில்லை.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துச்
சேற்றில் விரித்து
வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
இருபது வயது பிக்கப்.
என் மகளுக்கு ஒன்பது வருடம் மூத்தது.

உப்பிட்டவரை மறக்கக்கூடாதாம்.
மறக்கவில்லை.
நவம்பர் தொடங்கி மார்ச் முடிய
மடவாஸ்காவின் சாலையெங்கும்
லாரி லாரியாக உப்பு கொட்டிய நகராட்சியை,
ஒரு கண்ணில் துரு விழுந்து
மறு கண்ணை இடுக்கிக்கொண்டு,
கழல மறுக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் நினைக்கிறேன்.
தின்றது வண்டி.
தண்ணீர் குடிப்பது நான்.

போன மாதம் முழுக்க
பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள்
மிரெய்க்குத் தலை வலித்தது.
கணக்குப் பரீட்சைக்குப் பயம் என்று நினைத்தேன்.
பரீட்சை முடிந்த பிறகும் வலித்தது.
அன்றிலிருந்து கண்ணாடி இரண்டையும் இறக்கிவிட்டு,
கம்பளிக்குள் இரண்டு மூட்டைகளாக,
மூக்கு மட்டும் வெளியே தெரிய,
உறைந்த ஆற்றின் ஓரமாகவே போய்வந்தோம்.
எதிர்க்கரை கனடா.
அங்கேயும் எங்கள் சத்தம் கேட்டிருக்கும்.

ரேனோ விலை சொன்னான்:
குழாய், சைலன்சர், கூலி, வரி,
அறுநூற்றுப் பதினெட்டு டாலர்.
உருளைக்கிழங்குக் கிடங்கில்
வெள்ளிக்கிழமைதான் சம்பளம்.
பையில் நாற்பத்தொன்று.
நான் ஒன்றும் பேசவில்லை.
அவன் ரசீதைக் கசக்கிப் போட்டுவிட்டு
ஷெல்ஃபைப் பார்த்தபடி கேட்டான்:
"வீட்டில் பட்டாணி சாப்பிடுவீர்களா?
டின்னில் வருமே, அது."

மிரெய் பட்டாணி தொடமாட்டாள்.
இரண்டு ராத்திரி நானே தின்று தீர்த்தேன்.

பின்குழாய் வாயில் பழைய காலுறையை அடைத்து
அவளை இன்ஜினைக் கிளப்பச் சொன்னேன்.
சைலன்சருக்கு ஒரு சாண் முன்னால்
ஸ்ஸ் என்று ஒரு சீறல்.
சோப்புத் தண்ணீர் தொட்ட இடத்தில்
குமிழ் குமிழாகச் சிரித்தது ஓட்டை.
சுண்டு விரல் போகும்.
பக்கத்திலேயே மிளகு அளவில் இன்னும் நான்கு.
அணைக்கச் சொல்லிவிட்டு
கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்க நான்கு ஐந்தாயிற்று.
அதற்குமேல் தேய்க்கவில்லை.

டின்னின் இரண்டு மூடியையும் வெட்டி,
நெடுக்காகக் கீறி,
பசையை வெண்ணெய் மாதிரி தடவி
(எட்டு டாலர்,
வெண்ணெயை இப்படி நான் தடவியதில்லை),
குழாயைச் சுற்றிப் போர்த்தி
இரண்டு கிளாம்ப்பில் இறுக்கினேன்.
ஒன்று மூன்றேகால் டாலர்.
லேபிளைப் பாதிதான் உரிக்க முடிந்தது.
துருவுக்கு நடுவில், தலைகீழாக,
பச்சைப் பசேலென்று ஒரு பட்டாணிக் காய்.

முப்பதாம் தேதிக்குள் சோதனை ஸ்டிக்கர்.
லூசியான் கீழே குனிந்து பார்ப்பானா,
அவனுக்கு முதுகுவலி இருக்கிறதா,
தெரியவில்லை.

இரவு முழுக்கக் காயவிட்டேன்.
காலை ஐந்தேகாலுக்குச் சாவியைத் திருப்பினேன்.
வண்டி இருமவில்லை, கத்தவில்லை.
இன்ஜின் ஓடுகிறதா என்று
கையை டாஷ்போர்டில் வைத்துப் பார்த்தேன்.
எதிர்வீட்டு வில்ஃப்ரிட்
இன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போவார்.
அவருக்கு அலாரம் நான்தான்.

பாலம் தாண்டும்போது
இடது முன்சக்கரத்திலிருந்து
ங்ங்ங் என்று ஒரு முனகல்.
வேகத்தைக் கூட்டினால் கூடியது.
எத்தனை நாளாக அங்கே இருந்து
ஓட்டைச் சத்தத்துக்குப் பின்னால்
முறை வரட்டும் என்று காத்திருந்ததோ.
"அம்மா, அது என்ன?"
"எது?"
ரேடியோவைக் கூட்டினேன்.

பையில் இருபத்தாறரை.
கண்ணாடியை முழுக்க ஏற்றினேன்.
அரை மைல் போனோம்.
மிரெய் தூங்கிப்போனாள்.
வெறும் தூக்கம்தானே என்று
இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு
ஒரு விரற்கடை
இறக்கினேன்.