நடு பெஞ்சு

திபிலிசியிலிருந்து வேனில் வந்தார்கள் இரண்டு பேர்,
பல்கலைக்கழக மாணவர்கள்,
ஒருத்திக்குச் சரியான ஜலதோஷம்.
பீட்சா அட்டைகள், ஒரு பொட்டலம் ஆணி,
எங்கள் குதாயிசி சந்தையிலேயே வாங்கிய
ஒரே அச்சில் வார்த்த இருபது பூட்டுகள்.

காலையில் சக்கரம் செய்தோம்.
அட்டைமேல் அட்டை, நடுவில் ஆணி,
விளிம்பைச் சுற்றி எங்கள் முப்பத்து மூன்று எழுத்துகள்.
முப்பதோடு ஐந்தைக் கூட்டினால் இரண்டு என்றான் ஸுராப்.
சிரித்தோம்.
சுற்றிப் பார்த்தோம். இரண்டுதான்.

கடைசி வரிசை எழுதிய ரகசியத்தை
முதல் வரிசை ஏழு நிமிடத்தில் உடைத்தது.
எங்கள் மொழியில் பெரும்பாலான பெயர்ச்சொற்கள்
'இ' என்று ஒரே வாலை ஆட்டிக்கொண்டு வரும்.
வேறு எழுத்தில் வேஷம் கட்டினாலும்
வால் ஒன்றுதான்.
குட்டு வெளிப்பட்டது.

மதியம் பெட்டி வந்தது.
அதன் கொண்டியில் இரண்டு பூட்டுக்கு இடம்.
ஜன்னலோரம் வாமெக். கதவோரம் ஷோரெனா.
நடு பெஞ்சில் நான்.
நீ கம்பி என்றார்கள்,
கம்பிக்கு வேலை கடத்துவது மட்டும்.

வாமெக் கடிதத்தை வைத்துத் தன் பூட்டைப் போட்டான்.
ஷோரெனாவால் திறக்க முடியாது;
பக்கத்திலேயே தன் பூட்டையும் போட்டுத் திருப்பினாள்.
அவன் தன்னுடையதைக் கழற்றினான்.
மறுபடி என் வழியே போனது.
அவள் தன்னுடையதைத் திறந்தாள்.
இரண்டு சாவியும்
சட்டைப்பையை விட்டு நகரவே இல்லை.
காதும் காதும் வைத்தாற்போல் முடிந்ததே என்றாள்
ஜலதோஷக்காரி, இரண்டு தும்மலுக்கு நடுவே.

இரண்டாம் முறை எனக்கு அலுத்துவிட்டது.
எவ்வளவு நேரம்தான் கம்பியாக இருப்பது?
என் மேசையிலும் ஒரு பூட்டு இருந்தது,
மற்றவை போலவே மஞ்சள், மற்றவை போலவே மலிவு.
பெட்டியை ஷோரெனாவிடம் தரவில்லை.
மடியில் வைத்து, குனிந்து,
என் பூட்டைப் போட்டு
வாமெக்கிடமே திருப்பினேன்.
இரண்டு பூட்டு தொங்குகிறதா என்று பார்த்தான்.
யாருடையது என்று பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்.
தன்னுடையதைக் கழற்றினான்.

சும்மா ஏதாவது எழுதுங்கள்,
வானிலை, கால்பந்து, என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
முதல் முறை அவன் எழுதியதும் கால்பந்துதான்.
இந்த முறை பெட்டியை நம்பிவிட்டான்.

"வியாழக்கிழமை விமானம். கட்டோவிட்சே.
அப்பாவுக்கு அங்கே கிடங்கில் வேலை.
எல்லோரும் போகிறோம், யாரிடமும் சொல்லாதே.
சைக்கிள் உனக்கு."

மூடினேன்.
என் பூட்டு, ஷோரெனாவிடம்.
அவள் பூட்டும் சேர்ந்து, மறுபடி என்னிடம்.
என்னுடையதைக் கழற்றி, அவளிடம்.
எல்லாமே விதிப்படி நடந்தது,
இரண்டு தடவை.
அவள் படித்தாள். மடித்தாள்.
ஜன்னல் பக்கம் திரும்பாமலிருக்க
மேசைக் கீறல்களை எண்ணத் தொடங்கினாள்.

நடுவில் இருப்பவர் படித்திருக்க முடியுமா?
ஸுராப் கேட்டான்.
முடியாது, என்றது வகுப்பு, ஒரே குரலில்.
நான் கை தூக்கினேன்.
பலகையில் மூன்று பூட்டு வரைந்தேன்.
எப்படி என்று சொன்னேன்.
உள்ளே என்ன இருந்தது என்று கேட்டார்கள்.
வானிலை, என்றேன்.

வாமெக்கின் காது சிவந்திருந்தது.
வெகுநேரம் கழித்து காம்பஸை எடுத்து
தன் பூட்டின் நெற்றியில் ஆழமாக ஒரு கோடு கிழித்தான்.
ஷோரெனா வாங்கி, தன்னுடையதில் இரண்டு.
ஸுராப் துள்ளிக் குதித்தான்,
நாளைய பாடமே இதுதான், இதற்குப் பெயர் கையொப்பம் என்று.
அந்தக் கோட்டையும் ஒருத்தி பார்த்துக் கிழித்துவிடலாமே
என்று எனக்குத் தோன்றியது.
சொல்லவில்லை. அன்றைக்கு அவ்வளவு போதும்.

வியாழன், மூன்றாம் பீரியட், பின்னங்கள்.
ரியோனி ஆற்றைத் தாண்டி
மேற்கே ஒரு விமானச் சத்தம்.
ஷோரெனா நிமிர்ந்து பார்த்தாள், வகுப்பில் அவள் மட்டும்.
நான் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
வானிலைதானே.