நாற்பத்தொன்றாவது

குக்கர் மூன்று விசில் விட்டால்
வீட்டில் நான் ஐந்து என்கிறேன்.
ஓடும் பஸ்ஸில் யாருடைய போனோ அடிக்க
என் கட்டைவிரல் தானாக எழுகிறது
காற்றில் இல்லாத ஒரு பொத்தானை அமுக்க.

கீழ்ப்பாக்கம், நாலாவது மாடி.
பன்னிரண்டு படுக்கை, பன்னிரண்டு திரை,
நான், ஷைனி, இன்னும் ஐடி கார்டு வராத ஒரு புதுப்பெண்.
திரைகளுக்கெல்லாம் ஒரே குரல்.
விரலிலிருந்து கிளிப் நழுவினாலும் டிங் டிங் டிங்,
புரண்டு படுத்தாலும்,
உயிர் நழுவினாலும்
அதே டிங் டிங் டிங்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
எங்கள் வார்டில் அது தலைகீழ்:
சங்கு ஊதி ஊதித்தான்
செவிடு வந்தது.

ஏழாம் படுக்கையில் கோதண்டபாணி.
ஓட்டேரி ஸ்டாண்டில் ஆட்டோ.
கிளிப் மாட்டிய விரலைத் தூக்கிக் காட்டி
"மீட்டர் எவ்ளோ ஏறிருக்கு சிஸ்டர்?" என்பார்,
ஆட்டுவார், சிரிப்பார், திரை கத்தும்.
அன்றிரவு நாற்பது தடவை கத்தியது.
நாற்பதுக்கும் அந்த விரல்தான் காரணம்.
நாற்பத்தொன்றாவதுக்கு
முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி
அமர்த்தினேன்.

விரல் ஆடவில்லை என்று பார்த்தவள்
மாப்பும் பக்கெட்டுமாக வந்த கன்னியம்மா.
"இன்னாம்மா, இவரு உதடு ஏன் இப்டி கீது?"

பிழைத்தார்.
இதை எழுதியபின்
பேனா கொஞ்ச நேரம் நகரவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
இயந்திரம் குறித்து வைத்திருந்தது:
நாலு ஐம்பத்திரண்டு, அழைப்பு.
நாலு ஐம்பத்திரண்டு, அமர்த்தப்பட்டது.
ஊதுற சங்கை அது ஊதிவிட்டது.

கருவிகள் பிரிவிலிருந்து நஸீருதீன் வந்தார்,
பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று.
ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து குச்சி குச்சியாகக் கோடிழுத்தார்
பால் கணக்கு மாதிரி.
காலையில் கூட்டினார்:
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
எழுந்து ஓட வேண்டியவை, பத்தொன்பது.
"மிச்சம்?" என்றாள் ஷைனி.
"மிச்சம் யாரோ பெட்டிக்குள் வைத்து அனுப்பிய பயம்."

பிறகு நடந்தது பெரிய விஷயமெல்லாம் இல்லை.
வியர்வையில் உரிந்த ஸ்டிக்கரைத் தினமும் மாற்றினோம்.
மார்பை வழித்து, துடைத்து, உலரவிட்டு ஒட்டினோம்.
நாலாம் படுக்கைக்காரர் நுரையீரலில்
அம்பத்தூர் பட்டறையின் முப்பது வருடப் புகை;
எண்பத்தொன்பது அவருக்கு நல்ல மூச்சு.
தொண்ணூற்றிரண்டு கேட்டு அவரை
இரவெல்லாம் குற்றவாளியாக்கியிருந்தோம்.
ரவுண்ட்ஸில் ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்.
ஆக்ஸிஜன் இறங்கினால் பதினைந்து வினாடி பொறுத்து ஒலிக்கட்டும் என்றபோது
டாக்டர் இந்துலேகா பேனாவை மூடினார், திறந்தார்,
மறுபடி மூடினார்.
அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

முதல் அமைதி ராத்திரியில்
மூன்று பேருக்கும் உட்கார முடியவில்லை.
இவ்வளவு நிசப்தமா, எல்லாரும் இருக்கிறார்களா என்று
படுக்கை படுக்கையாகப் போய்
முகம் பார்த்தோம்.
நெற்றி தொட்டோம்.
ஒன்பதாம் படுக்கை அம்மாள் தூக்கத்தில்
ஏதோ கத்தரிக்காய் விலைக்குச் சண்டை போட்டாள்.
இத்தனை வருடமாக அவர்கள்
தூக்கத்தில் பேசுகிறவர்கள் என்று தெரியாது எனக்கு.

மூன்றேகாலுக்கு ஒரு டிங்.
புதுப்பெண் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடினாள்,
நானும் ஷைனியும் தோளில் தோள் மோதி.
இரண்டாம் படுக்கை. நிஜம்.

இன்னும் சில ராத்திரி நோட்டு நூற்றைத் தாண்டுகிறது.
நஸீருதீன் தலையைச் சொறிகிறார்.
கோதண்டபாணி போன மாதம் செக்கப்புக்கு வந்தபோது
ஆட்டாமல் விரலைக் காட்டினார்.
அவருக்குச் சொல்லவில்லை நான்.

பஸ்ஸில் போன் அடிக்கிறது.
கட்டைவிரல் எழுகிறது.
அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு
அடிக்கிற போன் யாருடையது என்று
திரும்பிப் பார்க்கிறேன்.