கீழ் மட்டும்

மூன்று வாரமாக என் ஆள் குனியவில்லை.
கம்பைக் கீழே இழுக்கிறேன்,
திரையில் அவள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள்.
ஷார்ஜாவிலிருந்து மச்சான் காலை வாருகிறார்,
வாருகிறார், வாருகிறார்.
"ஏளா, குனிஞ்சா கொறஞ்சா போயிருவ?"
இங்கே பன்னிரண்டு, அங்கே பத்தரை.
ஹெட்போனில் அவர் அறை ஏசியும் அவர் சிரிப்பும்.

முதலில் நெட்டைத் திட்டினேன்.
கடையநல்லூரில் அது சுலபம்.
பிறகு கேபிளை மாற்றினேன்.
பிறகு என் மணிக்கட்டைச் சந்தேகப்பட்டேன்,
அதுதான் ரொம்ப நாள் ஓடியது.

சாரல் விடாத ஒரு புதன்கிழமை
மாமி லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணசந்த நேரம்
சண்டைப் பெட்டியைக் கவிழ்த்து
ஆறு திருகாணியைக் கழற்றினேன்.
போன லீவில் மச்சான் பழசாக வாங்கி
கைலிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தது.
உள்ளே எட்டுப் பொத்தான், எட்டு நிறத்தில் வயர்.
கறுப்பு மட்டும் ஒன்றே ஒன்று,
நோன்புக் கஞ்சி வாளியோடு போகிற பையன் மாதிரி
எல்லார் வாசலிலும் நின்று நின்று போகிறது.

கம்பின் அடியில் திசைக்கு ஒரு சுவிட்ச்.
நூற்றியெண்பது ரூபாய் மீட்டரை வைத்தேன்.
மேல்: பீப். வலம்: பீப். இடம்: பீப்.
கீழ்:
கீழ்:
கீழ்: பீ

இடத்து வயரைப் பிடுங்கிக் கீழுக்கும்
கீழுக்குள்ளதை இடத்துக்கும் மாட்டிப் பார்த்தேன்.
இடப்பக்கம் தள்ளினால் பொசுக்கென்று குனிந்துவிட்டாள்.
கீழே இழுத்தால் சும்மா நிற்கிறாள்.
அப்படியானால் வயர் நல்லது, போர்டு நல்லது,
நானும் நல்லவள்தான்.

ஊசியால் சுவிட்சின் மூடியை நெம்பினேன்.
இரண்டு வெள்ளிப் பொட்டுக்கு நடுவே
ஒரு சித்தெறும்பு.
நசுங்கி, காய்ந்து, கால் எது தலை எது என்றில்லாமல்.
இந்த ஊர் எறும்பா அந்த ஊர் எறும்பா,
பார்த்தால் தெரிகிற மாதிரி இல்லை.

துடைத்தால் முடிந்தது வேலை.
துடைத்தேன்.
உள்ளே இருந்த பித்தளை இலை
டிங் என்று துள்ளி பீரோவுக்கு அடியில் போனது.
செல் வெளிச்சத்தில் கன்னம் மொசைக்கில் பட
படுத்துத் துழாவினேன்.
போன பெருநாளில் தொலைந்த
தோட்டுத் திருகாணி கிடைத்தது.
இலை கிடைக்கவில்லை. இன்றுவரை.

தென்காசி ரயிலடிப் பக்கம்
செத்த மைக்ரோவேவ்களை அடுக்கி வைத்திருக்கும்
ஊய்க்காட்டான் கடை.
"கதவு தெறந்துட்டா ஓடாம நிறுத்துத சுவிச்சுக்கா.
மூணு காலு இருக்கும், ஒண்ண விட்டுருங்க.
எதுக்கு?"
"சண்டை போட."
கேட்டதில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

வயர் முனையைக் குறடால் நெருக்கி மாட்டினேன்.
மற்ற மூன்று திசையும் டிக் என்கின்றன,
இது டக்.
யாரோ அடுத்த அறையில் கதவு சாத்துகிற மாதிரி.

சனிக்கிழமை ராத்திரி
மச்சான் வழக்கம்போல் காலுக்கு வந்தார்.
டக்.
மறுபடி வந்தார். டக்.
ஹெட்போனில் ஏசி மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.
"சரி பண்ணிட்டியாக்கும்" என்றார்.

பழுது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

குனிந்த இடத்திலிருந்து எழும்பி
தாடையில் ஒன்று கொடுத்தேன்.
மேஜையில், ஒரு ஜாம் பாட்டில் மூடியில்,
பெட்டியில் சேராமல் மிஞ்சிய திருகாணியும்
தோட்டுத் திருகாணியும்
ஒவ்வொரு டக்குக்கும் ஒன்றையொன்று
முட்டிக்கொண்டு கிடந்தன.